மோட்டார் நிற்கும்போது 225, ஓடும்போது 197: நடுவில் 28 வோல்ட் எங்கே போகிறது?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு மீட்டர் போர்டிலிருந்து கிணறு 100 மீட்டர் தூரம். 1.5 ஸ்கொயர் (1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு) செம்பு வயர் இழுத்திருக்கிறீர்கள். கிணற்றடியில் 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ள செட்). மோட்டார் நிற்கும்போது அதன் டெர்மினலில் மல்ட்டிமீட்டர் 225 காட்டுகிறது, ஓடவிட்டால் 197. சில காலை நேரங்களில் மோட்டார் உறுமுகிறதே தவிர சுற்றுவதில்லை. எலக்ட்ரீஷியன் "வயர்ல ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, 4 ஸ்கொயர் போடுங்க" என்கிறார். வயர் விற்ற கடைக்காரரோ 1.5 ஸ்கொயரே 15 ஆம்பியர் தாங்கும் என்கிறார். உங்கள் சந்தேகம் இரண்டு. வயரில் தடை இருக்கிறது என்றால் மோட்டார் நிற்கும்போது முழு 225 எப்படி வந்து சேர்கிறது? தடை கூடினால் கரண்ட் குறையும் என்றுதானே பள்ளியில் படித்தோம், அப்படியானால் பில்லும் சூடும் குறைய வேண்டாமா? இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு சர்க்யூட்டில் தடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்போது வேலை செய்கிறது?

பல வருடங்கள் வயரிங் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதே தொழிலைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது பெரும்பாலும் சரி. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வேறுவேறு விஷயங்களைப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

எந்த சர்க்யூட்டிலும் குறைந்தது மூன்று இருக்கும்: கரண்டைத் தள்ளும் மூலம், போக வர ஒரு பாதை, வேலை செய்யும் லோடு. அதற்குமேல் ஒரு சுவிட்ச்சும், ஏதாவது தவறு நடந்தால் பாதையை அறுத்துவிடும் பியூஸோ எம்.சி.பி.யோ. மின்சாரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீரோடு ஒப்பிட்டு எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொடக்கத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் காலை வாரிவிடும். வயலுக்குப் போன தண்ணீர் திரும்பி வருவதில்லை. கரண்ட் திரும்பி வந்தே ஆகவேண்டும். பேஸில் போன 10 ஆம்பியர் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறது. எனவே உங்கள் வயர் நீளம் கணக்குக்கு 100 மீட்டர் இல்லை, 200 மீட்டர். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டு "வயர் போதும்" என்று முடிவுக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

இந்த வட்டத்தில் தடை லோடில் மட்டும் இல்லை. மீட்டர் போர்டு வரை வரும் சர்வீஸ் லைன், சுவிட்ச்சின் காண்டாக்ட், 200 மீட்டர் வயர், நடுவில் முறுக்கிய ஜாயின்ட், மோட்டார் டெர்மினலின் நட்டு என எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. இவை ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். மூலம் தரும் 225 வோல்ட்டும் இவற்றுக்கிடையே பங்கு பிரிந்துவிடும். ஒரு பகுதியின் பங்கு என்ன என்பதற்கு ஒரே கணக்குதான்: அதில் ஓடும் கரண்டை அதன் தடையால் பெருக்குங்கள்.

இதில் உங்கள் முதல் சந்தேகத்துக்கு விடை இருக்கிறது. கரண்ட் பூஜ்யம் என்றால் பெருக்கல் விடையும் பூஜ்யம். மோட்டார் நிற்கும்போது வட்டத்தில் இருக்கும் ஒரே லோடு உங்கள் மல்ட்டிமீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். 225 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் 22 மைக்ரோ ஆம்பியர். உங்கள் வயரின் 2.7 ஓமில் (எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன்) அந்தக் கரண்ட் தின்னும் வோல்டேஜ் ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. வயரில் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் அதே 225 காட்டும். தடை என்பது கரண்ட் ஓடும்போது மட்டும்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜ் வயரின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பழைய இன்வர்ட்டர் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, இரண்டு பேன் போட்டதும் 10-க்குச் சரிவதும் இதே கதைதான். அங்கே தடை பேட்டரிக்கு உள்ளேயே இருக்கிறது.

பழைய ஆட்கள் பையில் டெஸ்ட் லேம்ப் வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஒரு ஹோல்டர், இரண்டு வயர், ஒரு 100 வாட் குண்டு பல்பு. அது கிட்டத்தட்ட அரை ஆம்பியர் இழுக்கும். ஒற்றை இழையில் தொங்கும் ஜாயின்ட்டாக இருந்தால் சில சமயம் மங்கி எரிந்தோ மினுக்கியோ காட்டிக்கொடுத்துவிடும். மல்ட்டிமீட்டர் துல்லியமான கருவி. ஆனால் கரண்டே இழுக்காத அதன் நல்ல குணம்தான் இங்கே உங்களை ஏமாற்றியிருக்கிறது. (டெஸ்ட் லேம்ப்பை இரண்டு பேஸுக்கு நடுவே வைத்துவிடாதீர்கள். அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஒற்றை பல்பு வெடித்துவிடும்.)

சரி, 2.7 ஓம் எங்கிருந்து வந்தது? கம்பியின் தடை நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குப் பரப்புக்குத் தலைகீழ் விகிதம், மீதி அந்த உலோகத்தின் குணம். சுத்தமான செம்பில் 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள கம்பிக்கு 20 டிகிரியில் சுமார் 0.0172 ஓம். 200 மீட்டருக்குப் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 2.3 ஓம். இது பாடப்புத்தகக் கணக்கு. கடையில் விற்கும் மெல்லிய இழை வயருக்கு இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 8130 அனுமதிக்கும் உச்சம் இதைவிடச் சற்று அதிகம்: 1.5 ஸ்கொயருக்குக் கிலோமீட்டருக்கு 13.3 ஓம், 2.5-க்கு 7.98, 4-க்கு 4.95, 6-க்கு 3.3. அந்தக் கணக்கில் உங்கள் 200 மீட்டருக்கு 2.66 ஓம். 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 9, 10 ஆம்பியர் எடுக்கும். 10 ஆம்பியருக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 27 வோல்ட். நீங்கள் அளந்தது 28. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால்தான் குற்றவாளி வயர் என்று தைரியமாகச் சொல்கிறேன். வெயில் காலத்தில் இது இன்னும் கூடும். செம்பின் தடை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 4 சதவீதம் ஏறும். வெயிலில் கிடக்கும் பைப்புக்குள் வயர் 45 டிகிரிக்குப் போனால் அதே வயர் 2.9 ஓம்.

கம்பிக்குள் என்னதான் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செம்பில் ஒவ்வொரு அணுவும் ஏறக்குறைய ஒரு எலக்ட்ரானைப் பொதுச்சொத்தாக விட்டுக்கொடுக்கிறது. அவை எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுக்கத் திரிகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் அசுர வேகம், நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் எல்லாத் திசையிலும் ஓடுவதால் மொத்தத்தில் நகர்வு எதுவும் இல்லை. வோல்டேஜ் கொடுத்ததும் அந்தக் குழப்பத்தின் மேல் ஒரு பக்கமாக மெல்லிய நகர்வு ஏறிக்கொள்கிறது. உங்கள் 1.5 ஸ்கொயர் வயரில் 10 ஆம்பியர் ஓடும்போது அந்த நகர்வு நொடிக்கு அரை மில்லிமீட்டர்தான். ஏ.சி. என்பதால் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஒரு திசையில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூடப் போவதற்குள் திரும்பிவிடும். மீட்டர் போர்டில் இருக்கும் எலக்ட்ரான் உங்கள் மோட்டாருக்கு வந்து சேர்வதே இல்லை. வந்து சேர்வது ஆற்றல் மட்டும். எலக்ட்ரான்களைத் தள்ளும் அந்தத் தூண்டல் வயர் நெடுக ஒளிவேகத்துக்கு நெருக்கமாகப் பாய்கிறது.

ஒழுங்காக அடுக்கி அசையாமல் நிற்கும் அணுக்களை எலக்ட்ரான்கள் தடங்கலில்லாமல் கடந்துவிடும். அணுக்கள் சூட்டில் அதிர்வதாலும், நடுவே வேற்று அணுவோ அடுக்கில் பிசகோ இருப்பதாலும்தான் அவை சிதறுகின்றன. சிதறும்போது வோல்டேஜ் கொடுத்த கூடுதல் ஆற்றலை அணுக்களிடம் இழக்கின்றன. அதுதான் சூடு. உலோகம் சூடேறினால் தடை ஏறுவது இதனால்தான். நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பியில் அடுக்கே தாறுமாறு என்பதால் அதன் தடை செம்பைப்போல் 60 மடங்குக்கு மேல். அயர்ன் பாக்ஸிலும் ஹீட்டரிலும் அதைச் சுற்றுவது அதனால்தான். எதிர்த்திசையில் போனால், 1911-ல் நெதர்லாந்தின் லைடனில் இயற்பியலாளர் கேமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தபோது அதன் தடை அளக்க முடியாத அளவுக்கு மறைந்துபோனது. "சூடு குறைந்தால் அதிர்வு குறையும்" என்ற விளக்கம் அதற்குப் போதாது, அது தனிக் கதை.

உங்கள் கிணற்றடிப் பிரச்சினையை முதலில் ஒழுங்காகக் கணக்கில் எழுதியவர் ஜார்ஜ் ஓம்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அந்தச் சோதனைகளைச் செய்தார். அந்தக் கால பேட்டரிகளில் கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் தள்ளாடும். எனவே இயற்பியலாளர் போகன்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, இரு முனைகளின் வெப்ப வித்தியாசத்தால் வோல்டேஜ் தரும், பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த வெப்பமின் இணைப்பைப் பயன்படுத்தினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலையும் மாறாது, ஆகவே தள்ளும் விசையும் மாறாது. ஒரே தடிமனில் வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். 1826-ல் அவர் எழுதிய சூத்திரத்தில் பின்னத்தின் கீழே இரண்டு உருப்படிகள் இருந்தன: மாட்டிய கம்பியின் நீளம் ஒன்று, அதோடு கூட்டப்படும் ஒரு மாறாத எண் இன்னொன்று. அந்த மாறாத எண்தான் சர்க்யூட்டின் மீதிப் பகுதியின் தடை. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்யும் "வோல்டேஜ் = கரண்ட் × தடை" என்ற வடிவத்தில் அந்தக் கூட்டல் கண்ணில் படுவதில்லை. கிணற்றடியில் நம்மைக் குழப்புவது அந்த விடுபட்ட கூட்டல்தான். அவருடைய நூல் 1827-ல் வந்தது. சொந்த நாட்டில் வரவேற்பு மந்தம்தான். லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்ளி பதக்கம் கொடுத்தது.

இப்போது இரண்டாவது சந்தேகம். "தடை கூடினால் கரண்ட் குறையும்" என்பது சரிதான், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால். சூடு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சூடு கரண்டின் இருமடியைத் தடையால் பெருக்கியது என்பார்கள். அப்படிப் பார்த்தால் தடை கூடச் சூடு கூடும். அதே சூடு வோல்டேஜின் இருமடியைத் தடையால் வகுத்தது என்றும் எழுதலாம். அப்படிப் பார்த்தால் தடை கூடச் சூடு குறையும். இரண்டும் உண்மை. உங்கள் சர்க்யூட்டில் எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்துத்தான் எதை எடுப்பது என்று தீர்மானிக்கவேண்டும். வீட்டில் பல்பு, பேன், ஹீட்டர் எல்லாம் பேரலலில், ஒவ்வொன்றுக்கும் அதே 230 வோல்ட். அங்கே தடை குறைந்த பொருள்தான் அதிக வாட் எடுக்கும். 100 வாட் குண்டு பல்பின் தடை 529 ஓம், 40 வாட்டுக்கு 1,320 ஓம் போல.

அதே இரண்டு பல்பையும் சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு 230 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். பையன்களுக்கு முதல் மாதமே இதைச் செய்து காட்டிவிடுவேன். 40 வாட் பல்பு நன்றாக எரியும். 100 வாட் பல்பில் கம்பி லேசாகச் சிவக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. "பெரிய பல்பு பியூஸ் போயிடுச்சு" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கழற்றினால் சின்னதும் அணைந்துவிடும், அப்போதுதான் விஷயம் புரியும். இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட், எனவே தடை அதிகமுள்ளதுதான் அதிக வோல்டேஜை எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன ஓம் எண்களை அப்படியே வைத்தால் 40 வாட்டுக்கு 164 வோல்ட், 100 வாட்டுக்கு 66. உண்மையில் வித்தியாசம் இன்னும் அதிகம். சூடேறாத டங்ஸ்டன் இழையின் தடை மிகக் குறைவு. 100 வாட் பல்பைக் கையில் எடுத்து மீட்டரில் பார்த்தால் 529 காட்டாது, 40 ஓம் சுற்றித்தான் காட்டும். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் அந்த நொடியில் பியூஸ் ஆவதும் இதனால்தான்.

உங்கள் வயரும் மோட்டாரும் சீரியலில்தான் இருக்கின்றன. வயரின் பங்குச் சூடு 10 இருமடி, பெருக்கல் 2.66: கிட்டத்தட்ட 270 வாட். தினம் 3 மணி நேரம் ஓடினால் மாதம் 24 யூனிட் வயரிலேயே எரிகிறது. உங்கள் மீட்டர் அதற்கும் சேர்த்துத்தான் சுற்றும். சரி, மோட்டாருக்கு வோல்டேஜ் குறைவதால் அது குறைவாக எடுத்து ஈடுகட்டாதா? ஹீட்டராக இருந்தால் அப்படித்தான் நடக்கும். மோட்டார் அப்படியில்லை. பம்பு தூக்கவேண்டிய தண்ணீர் அதேதான், வேகமும் ஏறக்குறைய அதேதான். வோல்டேஜ் குறைந்தால் அந்த வேலையைச் செய்ய மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். அதனால் வயரில் இன்னும் அதிக வோல்டேஜ் விழும், வைண்டிங்கும் கூடுதலாகச் சூடாகும். தடை கூடியதால் கரண்ட் கூடும் விசித்திரம் இங்கேதான் நடக்கிறது. ஓம் விதி பொய்யாகிவிடவில்லை. மோட்டார் ஒரு நிலையான தடையைப்போல் நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மோட்டார் காயிலை மீட்டரில் பார்த்தால் 2.5 ஓம் மாதிரிதான் காட்டும். 225-ஐ அதால் வகுத்தால் 90 ஆம்பியர் வரவேண்டும், ஆனால் ஓடும்போது வருவது 10. மீதியைத் தடுப்பது கம்பியின் தடை இல்லை. ஏ.சி.யில் காயிலின் காந்தப்புலம் ஓயாமல் மாறுவதால் அந்தக் காயிலிலேயே எழும் எதிர் மின்னழுத்தம்தான் தடுக்கிறது. சுற்றும் ரோட்டரும் அதற்குக் கைகொடுக்கிறது. ரோட்டர் அசையாமல் நிற்கும் தொடக்க நொடியில் அந்தத் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும், கரண்ட் நான்கைந்து மடங்கு பாயும். நல்ல வோல்டேஜில் 45 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் அந்த நொடியில் மோட்டார் 5 ஓம் போல நடந்துகொள்கிறது. அதோடு உங்கள் வயரின் 2.7 ஓம் சேர்ந்தால் கரண்ட் 29 ஆம்பியருக்கு இறங்கும், மோட்டாருக்குக் கிடைப்பது 146 வோல்ட். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 225-க்குப் பதில் 146 என்றால் விசை 42 சதவீதம். பாதிக்கும் கீழே. உங்கள் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்பதற்கு இதுவே போதும். இதில் ஒரு எச்சரிக்கை: மோட்டாரின் எதிர்ப்பும் வயரின் தடையும் ஒரே தன்மையுடையவை இல்லை, அவற்றை நேராகக் கூட்டியது தோராயம்தான். சரியாகக் கணக்கிட்டால் மோட்டாருக்கு இன்னும் சில வோல்ட் கூடக் கிடைக்கும். முடிவு மாறாது.

கடைக்காரர் சொன்ன 15 ஆம்பியர், வயரின் பி.வி.சி. உறை தாங்கும் சூட்டைப் பற்றியது. 270 வாட் 200 மீட்டரில் பரவினால் மீட்டருக்கு ஒன்றரை வாட்கூட இல்லை. வயரைத் தொட்டால் லேசான வெதுவெதுப்புதான் தெரியும். எனவே அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் தாங்கும் சூடு நீளத்தைப் பொறுத்ததில்லை, விழும் வோல்டேஜ் நீளத்தைப் பொறுத்தது. 10 மீட்டருக்குள் என்றால் அவர் சொல்வதைக் கேட்கலாம். 100 மீட்டர் என்று அவரிடம் சொன்னீர்களா?

இதில் யாரும் பேசாத ஆபத்து ஒன்று இருக்கிறது, எனக்கு வோல்டேஜ் குறைவதைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. கிணற்றடியில் பேஸும் நியூட்ரலும் உராய்ந்து ஷார்ட் ஆனால் எவ்வளவு கரண்ட் வரும்? 225-ஐ 2.7-ஆல் வகுத்தால் 83 ஆம்பியர், சர்வீஸ் லைனின் தடையையும் சேர்த்தால் இன்னும் குறைவு. மோட்டாருக்குப் போடும் 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. ஷார்ட்டுக்கு உடனே விழ 80-லிருந்து 160 ஆம்பியர் வரை தேவைப்படலாம். ஆக அது சட்டென்று விழும் என்று நம்பமுடியாது. சில நொடிகள் கழித்து உள்ளே உள்ள பட்டை சூடாகித்தான் விழும். அதற்குள் வயரின் உறை உருக ஆரம்பித்துவிடலாம். மோட்டார் உறுமி நிற்கும் 29 ஆம்பியருக்கோ எம்.சி.பி. ஒரு நிமிடம், அதற்கு மேலும்கூட எடுத்துக்கொள்ளும். வைண்டிங் அதுவரை காத்திருக்காது. உறுமினால் உடனே ஆஃப் செய்யுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரக் கையின் வழியே உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும், 230 வோல்ட்டில் அது 200 மில்லி ஆம்பியருக்கு மேல். இதயத்தை நிறுத்த அது தாராளம், ஆனால் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிணற்றடி லைனுக்கு நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து பாதையை அறுக்கும் ஆர்.சி.சி.பி.யும் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

இதுவரை சொன்னதில் வயரின் கணக்கு உறுதியானது. உங்கள் 28 வோல்ட் முழுக்க வயரில்தான் விழுகிறதா என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லமுடியாது. மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள், எல்லாமே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது. முதலில் மீட்டர் போர்டில். அங்கேயே 225 இல்லாமல் 210-க்கு இறங்கியிருந்தால் குறை சர்வீஸ் லைனிலோ டிரான்ஸ்பார்மர் பக்கமோ இருக்கிறது, நீங்கள் எந்த வயர் போட்டாலும் அது தீராது. சில காலைகளில் மட்டும் உறுமுகிறது என்பதால், அக்கம்பக்கத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும் அதே காலை நேரத்தில் இதை அளக்கவேண்டும். அடுத்து, நடுவில் ஜாயின்ட் இருந்தால் அதன் இரண்டு பக்கமும் முனைகளை வைத்து அளக்கவேண்டும். நல்ல ஜாயின்ட்டில் மில்லி வோல்ட் கணக்கில்தான் காட்டும். 5 வோல்ட் காட்டினால் அந்த இடத்தில் மட்டும் அரை ஓம், 50 வாட் சூடு. வயரில் 200 மீட்டருக்குப் பரவும் சூடு ஆபத்தில்லை. கட்டை விரல் அளவு இடத்தில் 50 வாட் என்றால் டேப் கருகும், நெருப்பும் பிடிக்கும். மூன்றாவது மெயின் சுவிட்ச், ஸ்டார்ட்டரின் காண்டாக்ட்டுகள். கரண்ட் ஓடும் லைனில் அளக்கும் வேலை என்பதால் எலக்ட்ரீஷியனையே செய்யச் சொல்லுங்கள். இத்தனைக்கும் வோல்டேஜ் நன்றாகவே இருந்து மோட்டார் உறுமினால் கண்டென்சர் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர்) பலவீனமாகியிருக்கலாம், பம்பு இறுகியிருக்கலாம். கையால் ஷாப்டைத் திருப்பிப் பார்த்தால் (மெயினை ஆஃப் செய்துவிட்டு) பின்னது தெரிந்துவிடும்.

வயர்தான் என்று உறுதியானால் 4 ஸ்கொயர் சரியான தேர்வு. 200 மீட்டருக்கு 0.99 ஓம், 10 ஆம்பியரில் 10 வோல்ட், 100 வாட். மோட்டாருக்கு 5 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவு. 230-க்கு அது 11.5. 2.5 ஸ்கொயரில் 16 வோல்ட் விழும், அதனால் வேண்டாம். தொடக்க நொடியில் முறுக்குவிசையும் 42-லிருந்து 70 சதவீதத்துக்கு ஏறும். பழைய மேஸ்திரிகள் 7/20 என்று கேட்டு வாங்கியதும் இதைத்தான்: 20 கேஜ் இழை ஏழு, சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர். அலுமினியம் மலிவாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அதன் தடை செம்பைப்போல் 1.6 மடங்கு, எனவே 4-க்குப் பதில் 6 ஸ்கொயருக்குக் குறையாமல் வேண்டும். செம்பு டெர்மினலோடு அதை நேராக முறுக்கவும் கூடாது. சேருமிடத்தில் ஆக்ஸைடு படிந்து தளர்ந்துவிடும், பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள இணைப்பு முனை) போடவேண்டும்.

வாங்கும்போது அச்சிட்டிருக்கும் அளவை மட்டும் நம்பாதீர்கள். 4 ஸ்கொயர் என்று போட்டு 3-க்குக் குறைவாகச் செம்பு வைத்த வயரையும் பார்த்திருக்கிறேன். 90 மீட்டர் காயிலின் இரண்டு முனையையும் மீட்டரில் பார்த்தால் 1.5 ஸ்கொயர் 1.2 ஓம் சுற்றி இருக்கவேண்டும், மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்தபின். 1.8 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 4 ஸ்கொயருக்கு 0.45 ஓம்தான், அவ்வளவு சின்ன தடையைச் சாதாரண மல்ட்டிமீட்டர் சரியாகச் சொல்லாது. அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள வயரை பில்லோடு வாங்குவதும், ஒரு இழையின் விட்டத்தை ஸ்க்ரூ கேஜில் அளந்து, அதிலிருந்து வரும் குறுக்குப் பரப்பை இழைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்ப்பதும்தான் வழி.

கழற்றும் 1.5 ஸ்கொயரை எறியவேண்டாம். உறை வெடிக்காமல் இருந்தால் கிணற்றடி லைட்டுக்கு அதையே தனி லைனாக விடுங்கள். 20 வாட் எல்.இ.டி. எடுப்பது 0.1 ஆம்பியர் அளவுதான்; அதே 2.66 ஓமில் கால் வோல்ட் சொச்சம்தான் விழும், லைட்டுக்கு ஒன்றும் தெரியாது. புது வயர் போட்டபின் மோட்டார் ஓடும்போது மீட்டர் போர்டிலும் கிணற்றடியிலும் எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜாயின்ட் பக்கம் தேடலாம்.